ஸ்ப்ளிட்போர்டு: புதுசா, பழசா, நாமே அறுத்ததா?

பொங்கல் கூட்டம் ஓய்ந்ததும் மூணாறு, மறையூர், போடிமெட்டு பக்கத்திலிருந்து வடக்கே கிளம்புகிற இளவட்டங்கள் இப்போது கொஞ்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். இங்கே ட்ரெக்கிங் வழிகாட்டி வேலை, ஜீப், ரிசார்ட். பிப்ரவரி, மார்ச்சில் குல்மார்க்கிலோ மணாலியிலோ பனி. ஸ்னோபோர்டில் நிற்கப் பழகி, லிஃப்ட் உள்ள சரிவுகளில் பயமில்லாமல் இறங்கத் தொடங்கியதும் அடுத்த ஆசை வந்துவிடுகிறது. லிஃப்ட் இல்லாத மலையில் நாமே ஏறி நாமே இறங்க வேண்டும். "அண்ணே, ஸ்ப்ளிட்போர்டு புதுசு வாங்கலாமா, பழசு பார்க்கலாமா, இல்ல எங்கிட்ட கிடக்குற போர்டையே அறுத்துரலாமா?" இந்தக் கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் ஸ்ப்ளிட்போர்டு என்றால் நல்ல நிலையில் இருக்கிற பழைய ஃபேக்டரி போர்டுதான் என் பரிந்துரை. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். சிலருக்கு வேறு விடையும் உண்டு.

ஸ்ப்ளிட்போர்டு நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் ஸ்னோபோர்டு. ஏறும்போது இரண்டு பாதிகளும் இரண்டு ஸ்கீயாகக் காலில் இருக்கும். அடியில் ஸ்கின் என்கிற ரோமப் பட்டையை ஒட்டிக்கொள்வோம். அதன் ரோமம் முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் போகவிடாமல் பிடிக்கும். மேலே போனதும் ஸ்கின்னை உரித்துப் பைக்குள் வைத்து, பாதிகளைச் சேர்த்து, பூட்ஸைப் பலகையோடு பிடிக்கிற பைண்டிங்கைக் குறுக்கே மாட்டினால் பழையபடி ஸ்னோபோர்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள வொய்லே நிறுவனம் 1990களில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இருக்கிற போர்டை நாமே அறுத்து மாட்டிக்கொள்ளும் கிட்டையும் அவர்களே விற்றார்கள். ஆகவே அறுக்கிற வழி ஏதோ பணமில்லாதவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி கிடையாது. இந்த விளையாட்டே அப்படித்தான் தொடங்கியது.

வாங்குவதற்கு முன்னால் எந்த மலையில் நடக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். குல்மார்க் ஊரே சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது, ஏறக்குறைய நம் ஆனைமுடி உயரம். அங்கிருந்து கொண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அபர்வட் மலைத் தோளில் சுமார் 3,950 மீட்டர் வரை தூக்கிக்கொண்டுபோய் விடுகிறது. அதன் பிறகு நடப்பது பெரும்பாலும் கொஞ்ச தூரம்தான். போகிற எல்லாப் பயணமும் அங்கேதான் என்றால் ஸ்ப்ளிட்போர்டுக்குப் பணம் போட வேண்டாம். சாதா ஸ்னோபோர்டு, பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டுகிற ஸ்னோஷூ ஒரு ஜோடி, பலகையை முதுகில் கட்ட நல்ல பை, இது போதும். ஸ்னோஷூ மலிவு, யாரும் உடனே பழகிக்கொள்ளலாம், உடைந்தாலும் கம்பி சுற்றிச் சமாளிக்கலாம்.

மணாலி பக்கம் கதை வேறு. 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, குளிர்காலம் முழுக்க ரோதாங் கணவாய்க்கு அந்தப்புறம் அடைந்துகிடந்த லாஹௌல் பள்ளத்தாக்குக்கு வண்டியில் போய் இறங்க முடிகிறது. சிஸ்ஸுவில் இறங்கினால் சுற்றிலும் மலை, லிஃப்ட் கிடையாது. ஆயிரம் மீட்டர் ஏற்றத்தைக் காலால்தான் ஏற வேண்டும். அங்கே ஸ்னோஷூவில் ஒவ்வொரு அடியும் தூக்கி வைக்க வேண்டியது, வழுக்கிப் போவது என்பதே இல்லை. முதுகில் மூன்று நாலு கிலோ பலகை வேறு. காற்று அடித்தால் அது பாய்மரமாகிவிடும், தேவதாருக் காட்டில் ஒவ்வொரு கிளையிலும் இடிக்கும். ஸ்ப்ளிட்போர்டில் அந்த எடை காலுக்குக் கீழே இறங்கி, தூக்காமல் தள்ளுகிற எடையாக மாறுகிறது. நாள் முழுக்க நடப்பவர்களுக்கு வித்தியாசம் மாலையில் தொடையில் தெரியும்.

ஸ்கீயே கற்றுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஏற்ற இறக்கத்துக்கும் சமதளத்துக்கும் டூரிங் ஸ்கீ (ஏறவும் இறங்கவும் செய்த ஸ்கீ) இன்னும் வசதி, மேலே போய்ப் பலகையைச் சேர்க்கிற வேலையும் மிச்சம். ஆனால் ஸ்னோபோர்டில் கால் பழகியவர் ஆபத்தான சரிவில் நின்று ஸ்கீ கற்கக் கூடாது. லிஃப்ட் உள்ள இடத்தில் தனியாக ஒரு சீசன் ஒதுக்க முடிந்தால் பார்க்கலாம்.

இனி முக்கியமான விஷயம். ஃபேக்டரியில் செய்த ஸ்ப்ளிட்போர்டில் ஒவ்வொரு பாதிக்கும் இரண்டு பக்கமும் ஸ்டீல் எட்ஜ், அதாவது பனியைக் கடிக்கிற உலோக ஓரம் இருக்கும். வெளிப்பக்கத்து வளைந்த எட்ஜும் உண்டு, நடுவில் பிரியும் நேர்க்கோட்டிலும் எட்ஜ் உண்டு. நாம் அறுத்த போர்டில் நடுக்கோட்டில் எட்ஜ் இருக்காது. மரமும் ஃபைபர் கிளாஸும் அடித்தகட்டின் பிளாஸ்டிக்கும்தான். இது எவ்வளவு பெரிய குறை? சரிவைக் குறுக்காக வெட்டி நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், மலை வலப்பக்கம். இரண்டு காலும் வலது ஓரத்தால்தான் பனியைக் கடித்து நிற்க வேண்டும். ஒரு பாதியின் வலது ஓரம் வளைந்த ஸ்டீல் எட்ஜ், இன்னொரு பாதியின் வலது ஓரம் நாம் அறுத்த மொட்டை ஓரம். பாதிகளைக் கால் மாற்றிப் போட்டாலும் இதே கணக்குதான், எந்தக் கால் என்பது மட்டும் மாறும். அதாவது குறுக்கு நடையில் எப்போதும் ஒரு காலுக்குப் பிடிமானம் குறைவு.

ஜனவரியில் முழங்கால் வரை புதுப்பனி விழுந்திருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. பலகை புதைந்துவிடும், ஓரம் எதையும் கடிக்கத் தேவையில்லை. மார்ச்சில் பகல் வெயிலில் உருகி இரவில் இறுகிய பனியில் காலை ஏழு மணிக்கு நடந்தால் ஒவ்வொரு அடியும் கீழே நழுவும். நம் பக்கத்துப் பையன்கள் பெரும்பாலும் போவது பிப்ரவரி கடைசி, மார்ச். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அறுத்த போர்டு வைத்திருப்பவர்கள் ஸ்கீ க்ராம்பான் என்கிற பல்லுப் பட்டையைப் பைண்டிங்கின் அடியில் மாட்டிக்கொண்டால் பெருமளவு தப்பிக்கலாம். அதை விருப்பப் பொருளாக நினைக்காமல் கிட்டோடு சேர்த்தே கணக்கில் போடுங்கள்.

அறுக்கலாமா என்ற கேள்விக்கு அடுத்த சோதனை உங்கள் போர்டே. பர்ட்டன் நிறுவனத்தின் சேனல் வகை போர்டுகளில் பைண்டிங்கைப் பிடிக்கிற உலோகத் தடம் சரியாக நடுக்கோட்டில்தான் ஓடுகிறது. அதை அறுக்க வழியே இல்லை. மற்ற பெரும்பாலான போர்டுகளில் பைண்டிங் திருகும் ஓட்டைகள் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வரிசையாக இருக்கும், ரம்பம் நடுவே தாராளமாகப் போகும். எட்ஜ் வெடித்தது, உள்ளே தண்ணீர் இறங்கி மேல்தோல் குமிழ் விட்டது, வளைவு செத்துத் தட்டையாகிவிட்டது, இந்த மாதிரி போர்டு என்றால் கிட்டுக்குச் செலவழிக்காதீர்கள். அறுத்த பிறகு இன்னும் மோசமாகும்.

வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். போடியில் கட்டில், பீரோ செய்கிற ஆசாரியண்ணன் ஒருவர். ஸ்னோபோர்டைக் கையில் வாங்கியதும் தரையில் வைத்து ஒரு முனையை அழுத்தினார், மறுமுனை ஆடியது. "தம்பி, இது வில்லு மாதிரி நிக்குதே, இப்படியே அறுத்தா கோடு ஓடிரும்" என்றார். தடித்த பிளைவுட் ஒன்றின் மேல் போர்டைக் கவிழ்த்து, நாலு இடத்தில் சி-கிளாம்ப் போட்டுத் தட்டையாக இறுக்கினார். பக்கங்கள் உள்வாங்கி வளைந்திருப்பதால் ஒரே இடத்தில் அளந்து நடு கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு சாணுக்கும் இரண்டு ஓரத்திலிருந்தும் அளந்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, புள்ளி வைத்து, புள்ளிகளை எல்லாம் சேர்த்த பிறகுதான் அலுமினியச் சட்டத்தை ரம்பத்துக்குத் தடமாகத் திருகினார். முனையிலும் வாலிலும் ஸ்டீல் எட்ஜ் குறுக்கே வருகிற இரண்டு இடத்தையும் முதலில் ஹேக்ஸா பிளேடால் கையாலேயே அறுத்து எடுத்துவிட்டார். பிறகுதான் மெஷின். மெல்லிய, பொடிப்பல் பிளேடு. போர்டின் கனத்துக்கு ஒரு நூல் மட்டும் அதிகமாக ஆழம் வைத்தார். சாதா பிளேடு மூன்று மில்லிமீட்டர் தின்னும், மெல்லியது இரண்டுக்குள் முடித்துவிடும். அகலத்தில் அந்த இழப்பு ஓட்டும்போது தெரியாது. பறக்கிற தூசியில் கண்ணாடி இழை இருக்கிறது, மாஸ்க் இல்லாமல் நிற்கவே கூடாது.

அறுத்த ஓரத்தில் மரம் திறந்து கிடக்கும். அதை உப்புத்தாள் போட்டு மழித்து, எபாக்ஸிப் பசையை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை இழுக்க வேண்டும். படகுக்குப் போடும் பாலியஸ்டர் ரெசின் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். மரத்தோடு எபாக்ஸி பிடிக்கிற அளவு அது பிடிக்காது, வளைந்து வளைந்து விரிசல் விடும். இன்னொன்று, இந்த வேலையை மூணாறில் செய்யாமல் மலை இறங்கிச் செய்யுங்கள். எபாக்ஸி இறுகச் சூடு வேண்டும், ஈரக்காற்று ஆகாது. நம் ஊர்க் குளிரில் இரண்டு நாள் ஆனாலும் பிசுபிசுவென்று நிற்கும். போடியில் ஏப்ரல் வெயிலில் ஒரே இரவில் கல்லாகிவிடும்.

ஓட்டை போடுவதற்கு முன் கால் அகலத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பைண்டிங் ஏறி உட்காரும் பக் என்கிற வட்டுகள், இரண்டு பாதியையும் இழுத்துப் பிடிக்கிற கொக்கிகள், முனையிலும் வாலிலும் வருகிற க்ளிப், நடக்கும்போது முன்பாதம் தொங்குகிற டூரிங் ப்ராக்கெட், எல்லாவற்றுக்கும் பலகையைத் துளைத்துத்தான் ஆக வேண்டும். ப்ராக்கெட் வைக்கிற இடத்துக்கு ஒரு வழி: பாதிப் பலகையை விரலில் நிறுத்திச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்து, அதற்குக் கொஞ்சம் முன்னால் குறி வையுங்கள். காலைத் தூக்கினால் முனை மேலே எழ வேண்டும், வால் தாழ வேண்டும். பின்னால் வைத்துவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் முனை பனிக்குள் குத்தும். அடிப்பக்கம் வரும் நட்டு, தளத்துக்குள் அமிழ்ந்து உட்கார வேண்டும், ஓட்டைச் சுவருக்கும் எபாக்ஸி பூச வேண்டும். சுற்றியுள்ள மரம் தண்ணீர் குடிக்க ஒரே ஒரு ஓட்டை போதும்.

இவ்வளவு வேலைக்கும் மிச்சம் எவ்வளவு? இங்கேதான் பலர் கணக்கில் ஏமாறுகிறார்கள். புது ஃபேக்டரி போர்டு சுமார் 700 முதல் 1,000 டாலர் வரை, ஸ்ப்ளிட்போர்டுக்கென்றே செய்த பைண்டிங் 300 முதல் 500, ஸ்கின் ஏறக்குறைய 200. அறுக்கிற கிட் 150 முதல் 200 டாலர். அதாவது அறுத்தால் மிச்சமாவது போர்டின் விலை மட்டும்தான், ஸ்கின்னும் பைண்டிங்கும் எப்படியும் வாங்க வேண்டும். இருக்கிற சாதா பைண்டிங்கையே பக் வட்டுகளில் ஏறுகிற தடத்தகட்டின் மேல் திருகி ஓட்டலாம், செலவு நன்றாகக் குறையும். ஆனால் கால் உயரத்தில் நிற்கும், எடை கூடும், பலகையின் உணர்வு மங்கும். எல்லாவற்றுக்கும் மேலே சுங்கவரியும் அனுப்பும் செலவும் இருக்கிறது.

அதனால்தான் பழைய ஃபேக்டரி போர்டு. சீசன் முடிகிற மார்ச் கடைசியில் குல்மார்க்கிலும் மணாலியிலும் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் சுமையைக் குறைக்க விற்றுவிட்டுப் போவார்கள். தங்கும் விடுதிகளில் சொல்லி வையுங்கள். கையில் வாங்கியதும் பாதிகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், நடுவில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் கொக்கி தேய்ந்திருக்கிறது அல்லது பாதி வளைந்திருக்கிறது. கொக்கியை மாற்றலாம், வளைவை மாற்ற முடியாது. இரண்டு பாதியையும் தனித்தனியாக மேசைமேல் வைத்து இரண்டும் ஒரே மாதிரி உட்காருகிறதா என்று பாருங்கள். உள் எட்ஜைத் தடவுங்கள், மேலோட்டத் துரு பரவாயில்லை, எட்ஜுக்கும் தளத்துக்கும் நடுவே நகம் நுழைந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு திருகையும் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், சுற்றிக்கொண்டே போகிற திருகு இருந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். பர்ட்டன் தவிரப் பெரும்பாலான நிறுவனங்கள் வொய்லே அளவு ஓட்டைகளையே பின்பற்றுவதால் ஸ்பார்க், வொய்லே போன்ற நிறுவனங்களின் பைண்டிங் தனியாக வாங்கினாலும் பொருந்தும். கராகோரம் நிறுவனத்தின் பைண்டிங்குக்கு அதற்கென்று தனி அடித்தகடு வேண்டும். அது இரண்டு பாதியையும் இறுக்கி இழுப்பதால் ஓட்டும்போது திடமாக இருக்கும், முதல் செட்டுக்கு அவசியமில்லை.

அளவு பார்க்கும்போது சாதா போர்டைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமாக எடுக்கலாம். முதுகில் பையும் சேர்த்துத்தான் உங்கள் எடை, இறங்குவதும் பெரும்பாலும் மென்பனியில்.

புதுசு யாருக்கு? சீசன் முழுக்க வடக்கே வேலை செய்கிறவர்களுக்கு, அதுவும் வழிகாட்டியாக மற்றவர்களை மலைக்கு அழைத்துப்போகிறவர்களுக்கு. தொழில் கருவியில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வாடகைக்கு எடுப்பது ஒருமுறை முயன்று பார்க்க நல்ல வழி, ஆனால் சாதா ஸ்னோபோர்டு கிடைக்கிற மாதிரி ஸ்ப்ளிட்போர்டு எல்லாக் கடையிலும் கிடைக்காது, கிளம்பும் முன் போன் போட்டு உறுதி செய்யுங்கள்.

பலகையைப் பூஜ்யத்திலிருந்து நாமே செய்தால் என்ன என்று தோட்டத்துப் பையன் ஒருவன் கேட்டான், "சில்வர் ஓக்கு நம்ம எஸ்டேட்டுலயே நிக்குதேண்ணே" என்று. ஆசை நல்லதுதான். ஆனால் போர்டின் உள்மரத்துக்கு பாப்லர், பௌலோனியா போன்ற லேசான மரத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சில்வர் ஓக் அவற்றைவிடக் கனம். பெரும்பாவூர் பிளைவுட்டும் உதவாது. உள்மரத்தில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும், பிளைவுட்டில் ஒன்றுவிட்டு ஒன்று குறுக்கே ஓடுகிறது. அச்சு, அழுத்தும் பிரஸ், சூடு, வெளிநாட்டு எட்ஜ், அடித்தளத் தகடு எல்லாம் சேர்த்தால் இரண்டு புதுப் போர்டின் விலை ஆகிவிடும்.

ஸ்கின்னில் நைலான், மொஹேர் என்கிற ஆட்டு ரோமம், இரண்டும் கலந்தது என்று மூன்று வகை. நைலான் நன்றாகப் பிடிக்கும், நெடுநாள் உழைக்கும், கொஞ்சம் மெதுவாகப் போகும். மொஹேர் லேசு, வழுக்கும், சீக்கிரம் தேயும். புதிதாக ஏறுகிறவர் நைலான் வாங்கினால் பின்வழுக்கல் பயம் குறையும். உள் எட்ஜ் இருந்தால் இரண்டு ஓரத்திலும் ஸ்டீல் வெளியே தெரியும்படி ஸ்கின்னை வெட்ட வேண்டும், மூடிவிட்டால் எட்ஜ் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நம் ஊர் மழைக்கு இவை எதுவும் பழகியவை அல்ல. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை லயத்து வீட்டுச் சுவரில் சாத்தி வைத்தால் எட்ஜ் துருவேறும், அறுத்த போர்டின் ஓரம் ஊறும், ஸ்கின்னில் பூஞ்சை பிடிக்கும். தளத்துக்கும் எட்ஜுக்கும் தடிமனாக மெழுகு பூசுங்கள். ஸ்கின்னைப் பசைக்குப் பசை ஒட்டி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகுகிற பிளாஸ்டிக் ட்ரம்மில் போடுங்கள். அடுப்புப் புகை படுகிற இடத்தில் வேண்டவே வேண்டாம். போடியிலோ தேனியிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே விட்டுவருவது இன்னும் நல்லது.

இந்த எல்லாச் செலவுக்கும் முன்னால் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்: புதைந்தவரைச் சிக்னலால் கண்டுபிடிக்க 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் பனிச்சரிவு ட்ரான்ஸீவர், பனிக்குள் குத்தித் தேடும் ப்ரோப் கம்பி, உலோக ஷவல். கூட வருகிற ஒவ்வொருவரிடமும் மூன்றும் இருக்க வேண்டும், தோண்டி எடுக்கப் பழகியிருக்கவும் வேண்டும். புதைந்தவரை முதல் கால்மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நம்பிக்கை அதிகம். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வட்டில் போலந்துக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று கிலன்மார்க் பக்கம் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள். 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகள்தான் ஓட்டுவதற்கு இன்பம், பனி உடைந்து சரிவதும் அதே சரிவுகளில்தான். கொண்டோலாவின் மேல்கட்டத்தை மூடிவைத்தால் ஸ்ப்ளிட்போர்டு இருக்கிறதே என்று நடந்து ஏறாதீர்கள், எதற்காக மூடினார்கள் என்று முதலில் கேளுங்கள். சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான டிஜிஆர்இ வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைக் காலையில் பார்க்காமல் பூட்ஸ் கயிறு கட்டக் கூடாது.

சில்வர் ஓக் கேட்ட பையனிடம் சேனல் இல்லாத பழைய போர்டு ஒன்று சும்மா கிடக்கிறது, எட்ஜ் நன்றாக இருக்கிறது, போவது ஜனவரி கடைசியில். அவனை அறுக்கச் சொல்லிவிட்டேன், க்ராம்பானையும் கிட்டோடு சேர்த்து வரவழைக்கச் சொல்லி. மார்ச்சில் லாஹௌல் போகிற அவன் அக்காவுக்குப் பழைய ஃபேக்டரி போர்டு தேடிக்கொண்டிருக்கிறோம். நீளம் 150க்கும் 154 சென்டிமீட்டருக்கும் இடையில், உள் எட்ஜ் ஒழுங்காக உள்ளது கிடைத்தால் போதும்.